லாயம் கூட்டும் நாயகிகள்

1877 நவம்பர் 24ஆம் தேதி இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஒரு நாவல் வெளிவந்தது. குதிரை மொழியில் இருந்த மூலத்தின் மொழிபெயர்ப்பு இது என்று அதன் முகப்புத் தாள் சொன்னது. ‘பிளாக் பியூட்டி’ என்ற அந்த நாவலில் அன்னா சூவெல் தன்னை ஆசிரியராகக் காட்டிக்கொள்ளவில்லை. குதிரை சொன்னதை மனிதருக்குச் சொல்லும் துபாஷியாக நின்றுகொண்டார். அப்போது அவருக்கு 57 வயது. படுக்கையில் கிடந்தபடி துண்டுத் தாள்களில் எழுதியதை அவருடைய தாய் படியெடுத்துக் கொடுத்தார். புத்தகம் வந்து ஐந்து மாதத்தில் அன்னா இறந்துவிட்டார். அவர் எழுதிய ஒரே நாவல் அதுதான்.

சிறுவர்களுக்கான குதிரைக் கதைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் ‘போனி’ கதைகள் என்று தனி அலமாரியே பிடித்துக்கொண்ட இந்த வகையில் ஆயிரக்கணக்கான நூல்கள் உண்டு. போனி என்றால் நம் மட்டக்குதிரை. குதிரையின் உயரத்தைத் தோள் வரை கையகலத்தால் அளப்பது அங்கே மரபு. ஒரு கையகலம் நான்கு அங்குலம். பதினான்கு கையகலமும் இரண்டு அங்குலமும், அதாவது சுமார் 148 சென்டிமீட்டர், தாண்டாதது மட்டக்குதிரை. சிறுமியின் கை எட்டுகிற உயரம் அது. அந்த உயரத்தில்தான் இந்த இலக்கியம் முழுவதும் நடக்கிறது.

‘சிறுமிகளின் செல்லக் கனவு’ என்று விமர்சகர்கள் இக்கதைகளை லேசாகத் தட்டிவிடுவதுண்டு. வளர்ந்தபின் வரப்போகும் காதலனுக்கு ஒத்திகைதான் குதிரை என்று உளவியல் பேசியவர்களும் உண்டு. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. லாயம் கூட்டுவது, லத்தி வாருவது, தீவனச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பது: இவற்றுக்கு இந்த அளவு இடம் கொடுத்த சிறுவர் இலக்கியம் வேறு உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. என் வாதம் இதுதான். மட்டக்குதிரைக் கதை கனவின் இலக்கியம் என்பதைவிட உழைப்பின் இலக்கியம். அது உருவானபோது ஒரு கைமாற்றமும் நடந்தது. முதலில் பேசியது குதிரை. அது வாயை மூடிய இடத்தில் ஒரு சிறுமி பேசத் தொடங்கினாள்.

குதிரை பேசிய காலம்

‘பிளாக் பியூட்டி’ சிறுவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. குதிரைக்காரர்களும் வண்டியோட்டிகளும் படிக்க வேண்டும் என்பதற்காக அன்னா எழுதினார். விக்டோரியா காலத்து லண்டன் குதிரையால் இயங்கிய நகரம். வாடகை வண்டி, பாரவண்டி, பெரிய மனிதர்களின் கோச்சு என்று எல்லாவற்றையும் இழுத்தவை குதிரைகள். அந்த வேலையின் படிநிலைகள் ஒவ்வொன்றிலும் கதைக் குதிரை இறங்கிவருகிறது: சீமான் வீட்டு லாயம், வாடகைக் குதிரைக் கொட்டில், லண்டன் தெருவில் வாடகை வண்டி, கடைசியில் மூட்டை இழுப்பு. வழியில் சந்திக்கும் நல்ல வண்டியோட்டி ஜெரி, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்ட மாட்டேன் என்று ஆறு நாள் உரிமம் மட்டும் வைத்திருப்பவர். குதிரைக்கு ஓய்வு வேண்டுமென்றால் ஓட்டுபவனுக்கும் வேண்டும் என்கிற கூலிப் பிரச்சினையைக் குதிரையின் கதைக்குள் அன்னா கொண்டுவந்துவிட்டார்.

நாவல் குறிவைத்துத் தாக்கிய ஒரு கொடுமை, தலையை மேலே இழுத்துக் கட்டும் வார். கோச்சுக் குதிரை கழுத்தை நிமிர்த்தி நின்றால் எடுப்பாக இருக்கும் என்பதற்காகப் பூட்டப்பட்டது அது. தலையைத் தாழ்த்த முடியாத குதிரையால் மேட்டில் பாரம் இழுக்கவும் முடியாது, சரியாக மூச்சுவிடவும் முடியாது. இதை அன்னா பிரசங்கமாகச் சொல்லவில்லை. வாரின் ஒவ்வொரு துளை இறுகும்போதும் கழுத்தில் என்ன நேர்கிறது என்று குதிரையையே சொல்லவைத்தார். அமெரிக்காவில் விலங்குவதைத் தடுப்புக்காகப் பாடுபட்ட ஜார்ஜ் ஏஞ்சல் 1890இல் இந்நூலை அச்சிட்டு வண்டியோட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அடிமை முறைக்கு எதிராக ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ செய்ததை இது குதிரைகளுக்குச் செய்யும் என்பது அவர் நம்பிக்கை. பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட மனு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுவர் அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

அன்னா காட்டிய வழியில் அரை நூற்றாண்டுக்கு மேல் குதிரைகளே தன்வரலாறு சொல்லின. அவற்றுள் முக்கியமானது 1929இல் வந்த ‘மூர்லேண்ட் மௌசி’. ‘கோல்டன் கோர்ஸ்’ என்ற புனைபெயரில் மியூரியல் வேஸ் எழுதியது. இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் பிறந்த மட்டக்குதிரை ஒன்று தன் வாழ்க்கையைச் சொல்கிறது. லயனல் எட்வர்ட்ஸ் வரைந்த படங்கள் அதற்குத் தனி அழகு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்த எக்ஸ்மூர் இனத்தில் எஞ்சியவை ஏறத்தாழ ஐம்பதுதான். மேரி எதரிங்டன் என்ற பெண்மணியின் முயற்சியால் இனம் பிழைத்தது. இன்று எக்ஸ்மூரில் அந்தக் குதிரைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்குப் பெயர் ‘மூர்லேண்ட் மௌசி’.

குரல் மாறிய ஆண்டு

1936இல் ஜோனா கேனன் எழுதிய ‘எ போனி ஃபார் ஜீன்’ வெளிவந்தது. கதை சொல்பவள் ஜீன் என்ற சிறுமி. அப்பாவின் பணம் கரைந்துபோய்க் குடும்பம் லண்டனை விட்டுக் கிராமத்துக்குக் குடிபெயர்கிறது. பக்கத்தில் வசதியான உறவுப் பிள்ளைகள். அவர்களிடம் நல்ல குதிரைகள். யாருக்கும் வேண்டாத, விலா எலும்பு தெரியும் மட்டக்குதிரை ஒன்று ஜீனுக்குக் கிடைக்கிறது. ரொட்டித் துண்டுகளை நிறுத்திவைக்கும் கம்பிச் சட்டம் போல விலா துருத்தியிருப்பதால் அதை ‘டோஸ்ட்ராக்’ என்று கிண்டல் செய்கிறார்கள். ஜீன் அதற்குக் ‘கேவலியர்’ என்று பெயரிட்டு, தீனி போட்டு, விழுந்து எழுந்து சவாரி கற்று, கடைசியில் போட்டியில் ஜெயிக்கிறாள்.

எளிய கதைதான். இதற்குப் பிறகு வந்த எத்தனையோ நூல்களுக்கு இதுவே அச்சு. நொடித்த குடும்பம், கைவிடப்பட்ட குதிரை, ஏளனம் செய்யும் பணக்கார உறவு, புத்தகத்தைப் பார்த்துக் கற்கும் சிறுமி, கடைசியில் ஒரு பரிசு ரிப்பன். குதிரை இங்கே பேசாது. அதன் மனத்தைச் சிறுமி படிக்கக் கற்க வேண்டும். காதை மடித்தால் கோபம், ஒரு காலை லேசாக ஊன்றினால் லாடத்தில் கோளாறு.

இந்த மாற்றத்துக்குச் சமூகக் காரணங்கள் உண்டு. மோட்டார் வந்து உழைக்கும் குதிரையை வீதியிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தது. வண்டியோட்டியிடம் குதிரைக்காக மன்றாட வேண்டிய தேவை குறைந்தது. குதிரை பொழுதுபோக்கின் பக்கம் நகர்ந்தது. 1929 நவம்பரில் பிரிட்டனில் ‘போனி கிளப்’ தொடங்கப்பட்டது. சிறுவர் சிறுமியருக்குச் சவாரியையும் குதிரைப் பராமரிப்பையும் முறையாகக் கற்பித்தது. பாவாடையோடு ஒரு பக்கமாகக் கால் தொங்கவிட்டு உட்கார்ந்த பெண்கள் இரு உலகப் போர்களுக்கு இடையில் கால் அகற்றிச் சவாரி செய்யத் தொடங்கினார்கள். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியாகவோ குதிரைப்படை வீரராகவோ ஆக அவர்களுக்கு வழியில்லை. லாயம் மட்டும் திறந்திருந்தது.

மாறிய தருணத்தை ஒரு கற்பனைக் கதை தன்னையறியாமல் பதிவு செய்திருக்கிறது. ப்ரிம்ரோஸ் கம்மிங் 1937இல் எழுதிய ‘சில்வர் ஸ்னாஃபிள்ஸ்’ நூலில் ஒரு சிறுமி கடவுச்சொல் சொல்லி லாயத்தின் சுவருக்குள் நுழைந்து, குதிரைகள் பேசும் நாட்டுக்குப் போகிறாள். அங்கே குதிரைகளே அவளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கின்றன. சொந்தக் குதிரை கிடைத்தவுடன் அந்த நாட்டிலிருந்து விடைபெற வேண்டியிருக்கிறது. கையில் கயிறு வந்த நாளில் குதிரையின் பேச்சு நின்றுவிடுகிறது. நான் சொல்லும் கைமாற்றத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன நூல் எனக்குத் தெரிந்து இல்லை.

சிறுமிகள் எழுதிய கதைகள்

சிறுமியின் குரல் வந்ததும் சிறுமிகளே எழுத வந்துவிட்டார்கள். பள்ளித் தோழிகளான கேத்தரின் ஹல், பமிலா விட்லாக் இருவரும் பதினைந்து, பதினாறு வயதில் சேர்ந்து எழுதிய நாவலைச் சிறுவர் நாவலாசிரியர் ஆர்தர் ரேன்சமுக்கு அனுப்பினார்கள். அவர் பதிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ‘த ஃபார்-டிஸ்டன்ட் ஆக்ஸஸ்’ 1937இல் வெளிவந்தது. எக்ஸ்மூரில் மட்டக்குதிரைகளோடு அலையும் பிள்ளைகளின் கதை அது.

இன்னும் பெரிய அறுவடை ஜோனா கேனனின் வீட்டிலேயே விளைந்தது. அவருடைய மகள்கள் ஜோசஃபீன், இரட்டையரான டயானா, கிறிஸ்டீன் மூவரும் பதின்வயதில் சேர்ந்து எழுதிய ‘இட் பிகேன் வித் பிகோட்டி’ போர்க்காலத்தில் எழுதி முடிக்கப்பட்டு 1946இல் வந்தது. புல்லின்-தாம்சன் சகோதரிகள் என்று புகழ்பெற்ற இவர்கள் சொந்தமாகச் சவாரிப் பள்ளி நடத்தியவர்கள். பகலில் லாயத்தைச் சுத்தம் செய்த கைகளே மாலையில் கதை எழுதின. கிறிஸ்டீன் மட்டும் நூறு நூல்களுக்கு மேல் எழுதினார். ஜோசஃபீன் பின்னாளில் ஆங்கிலேய பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் தலைவராக இருந்தார். ஜோசஃபீனின் நூல்களில் கதையும் பாடமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். கையை எப்படி வைப்பது, முரட்டுக் குதிரையை எப்படிப் பொறுமையாகப் பழக்குவது என்பதெல்லாம் கதையின் திருப்பங்களாகவே வரும்.

போரும் இந்த உலகத்துக்குள் நுழைந்தது. மேரி ட்ரெட்கோல்டின் ‘வி குடின்ட் லீவ் டைனா’ ஜெர்மானியர் கைப்பற்றிய ஒரு கற்பனைத் தீவில் சிக்கிக்கொண்ட போனி கிளப் பிள்ளைகளின் கதை. சிறந்த சிறுவர் நூலுக்கான 1941ஆம் ஆண்டுக் கார்னகி பதக்கம் அதற்குக் கிடைத்தது.

இக்கதைகளின் உச்சக்கட்டம் பெரும்பாலும் ‘ஜிம்கானா’. கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவது, கரண்டியில் முட்டையோடு சவாரி, உருளைக்கிழங்கு பொறுக்கி வாளியில் போடுவது என்று திருவிழாப் போட்டிகள் நிறைந்த ஒரு நாள். சொல் நம்மூரிலிருந்து போனது. பந்தாடும் இடத்தைக் குறித்த ‘கேந்த்-கானா’ என்ற இந்துஸ்தானிச் சொல் ஆங்கிலேயர் வாயில் உருமாறி, விளையாட்டு மன்றத்தைக் குறிக்கலாயிற்று என்பது அகராதிக்காரர்கள் தரும் விளக்கம். சென்னையில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884இல் தொடங்கியது. இங்கிலாந்துக்குப் போன பிறகு சிறுவர்களின் குதிரைப் போட்டிக்கு அதுவே பெயராகிவிட்டது. கதைச் சிறுமிகள் ஆசைப்பட்டு வாங்கும் சவாரிக் கால்சட்டையின் பெயரும் ஜோத்பூர்தான். ஆங்கிலக் கிராமத்தின் ஆத்மா என்று கொண்டாடப்படும் காட்சியில் பெயரும் உடையும் இந்தியாவிலிருந்து போனவை.

பணம் எங்கிருந்து வரும்?

ரூபி ஃபெர்குசன் எழுதிய ஜில் வரிசையின் முதல் நூல் ‘ஜில்ஸ் ஜிம்கானா’ 1949இல் வந்தது. 1962 வரை ஒன்பது நூல்கள். ஜில்லின் தாய் விதவை. சிறுவர் கதை எழுதி வீட்டை நடத்துகிறார். மகளுக்கோ அம்மா எழுதும் கதைகள் பிடிப்பதில்லை. இந்த நகைச்சுவைக்கு அடியில் ஒரு பெண்ணின் சம்பாத்தியம் ஓடுகிறது. அம்மாவின் கதை விற்றால் சேணம் வரும்; விற்காவிட்டால் ஜில் வேறு வழி தேட வேண்டும். கதைகளில் அவள் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைக் கூட்டினால் ஒரு தொழிலே ஆகிவிடும்.

கே.எம். பெய்ட்டன் 1968இல் எழுதிய ‘ஃப்ளை-பை-நைட்’ இந்தப் பணப் பிரச்சினையை மூடி மறைக்காமல் காட்டிய நூல். ரூத் குடியிருப்பது புதிதாகக் கட்டிய வீடுகளின் வரிசையில். அப்பாவுக்கு வீட்டுக் கடன் தவணை. சேர்த்த கொஞ்சப் பணத்தில் அவள் வாங்கியது பழக்கப்படாத குட்டி. அதற்குக் கடிவாளம் வாங்கக்கூடக் காசில்லை. முந்தைய கதைகளில் நொடித்த குடும்பம் என்றாலும் ஒரு வேலைக்காரியாவது இருப்பாள். ரூத்தின் வீட்டில் கணக்கு நிஜமானது.

இந்த வகைக்கு எதிரான முக்கியக் குற்றச்சாட்டு வர்க்கம். குதிரை வைத்திருப்பவர் யார், நிலம் யாருடையது என்ற கேள்விகளைப் பெரும்பாலான கதைகள் கேட்பதில்லை. நரி வேட்டையைக் கதையின் உச்சமாகக் கொண்டாடிய நூல்கள் பல. நாய்களைவிட்டு வேட்டையாடுவதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்துவிட்டன. ஜில்லின் கறுப்புக் குதிரைக்கு வைத்திருந்த ‘பிளாக் பாய்’ என்ற பெயர் பிந்தைய பதிப்புகளில் மாற்றப்பட்டது. இந்தக் குற்றச்சாட்டுகளை நான் மறுக்கவில்லை. அதே புத்தகங்கள் செல்வத்தைவிடத் திறமையை மேலாக வைத்தன என்பதையும் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த குதிரையில் வரும் பணக்காரப் பெண் தோற்பது வெறும் நீதிபோதனை அல்ல. அவள் தன் குதிரையைத் தானே தேய்த்துவிடுவதில்லை, ஆகவே அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அறிவு வேலையிலிருந்து வருகிறது என்பது கதைகளின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

நான்கு கால்கள்

ஜில்லுக்குச் சவாரி கற்றுக்கொடுப்பவர் மார்ட்டின். போரில் காயம்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் விமானப்படை வீரர். இது தற்செயலான பாத்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த இலக்கியத்தின் தொடக்கத்திலேயே நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார். அன்னா சூவெல் பதினான்கு வயதில் மழையில் வழுக்கி விழுந்து கணுக்கால்கள் கெட்டு, வாழ்நாள் முழுதும் சரியாக நடக்க முடியாமல் போனவர். வெளியே போக அவருக்கு இருந்த ஒரே வழி வண்டிக் குதிரை. அவர் குதிரைகளை நெருங்கி அறிந்தது அந்தத் தேவையால்தான்.

நிஜ உலகமும் இதைப் பின்தொடர்ந்தது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரைச் சவாரியில் வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்தது. உடற்குறை உள்ளவர்களுக்குச் சவாரி கற்பிக்கும் பிரிட்டன் சங்கம் 1969இல் உருவானது.

அட்லாண்டிக்கின் குதிரைத் தீவு

அமெரிக்கா இந்த வகையை வேறு மண்ணில் நட்டது. மார்கரெட் ஹென்றி 1947இல் எழுதிய ‘மிஸ்டி ஆஃப் சின்கோட்டீக்’ வர்ஜினியா மாநிலக் கடலோரத்தில் நடக்கிறது. அசட்டீக் தீவில் மட்டக்குதிரைகள் காட்டுத்தனமாக மேய்கின்றன. ஜூலை இறுதியில் அவற்றைத் திரட்டிக் கால்வாயை நீந்தவைத்து சின்கோட்டீக் தீவுக்குக் கொண்டுவந்து குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். ஏலத்தை 1925 முதல் நடத்துவது உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை, பணமும் அதற்கே. தீவின் மேய்ச்சல் தாங்கும் அளவை மனதில்வைத்து, வளர்ந்த குதிரைகள் 150க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் உண்டு. கதையில் அண்ணனும் தங்கையும் உழைத்துப் பணம் சேர்ப்பது ஒரு பெண் குதிரைக்காக. கடைசியில் அதை அவர்கள் தீவுக்கே திரும்ப ஓடவிடுகிறார்கள். குட்டி மட்டும் அவர்களிடம் தங்குகிறது. சொந்தமாக்கிக்கொள்வதில் முடியும் ஆங்கிலக் கதைகளுக்கு இது எதிர்த்திசை.

அந்தக் குட்டியான மிஸ்டி உண்மையில் இருந்த குதிரை. 1962 மார்ச்சில் பெரும் புயல் தீவை மூழ்கடித்தபோது, சினையாக இருந்த அதைச் சின்கோட்டீக்கில் வளர்த்தவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறையில் கட்டிக் காப்பாற்றினார்கள். பிறந்த குட்டிக்குப் புயலின் பெயர். இதைப் படிக்கும் ஈழத்தமிழருக்கு நெடுந்தீவு நினைவுக்கு வராமல் போகாது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் விடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் பவளப்பாறை நிலத்தில் கட்டாக்காலியாக மேயும் தீவு அது.

1988இல் பானி பிரயண்ட் தொடங்கிய ‘சேடில் கிளப்’ வரிசை 2001 வரை நூறு நூல்களைத் தாண்டியது. நாயகிகள் சவாரிப் பள்ளியில் சந்தித்துக்கொள்ளும் தோழிகள். நகரம் பெருகப் பெருக, சொந்தக் குதிரை என்ற ஆசை மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் பயிற்சியாக மாறியதை இந்த வரிசையின் பெயரே காட்டுகிறது.

கதை முந்தியது, சட்டம் பிந்தியது

ஜீனின் கதைக்கு ஓராண்டு முன், 1935இல், எனிட் பேக்னோல்ட் ‘நேஷனல் வெல்வெட்’ எழுதினார். கசாப்புக் கடைக்காரரின் மகள் வெல்வெட் குலுக்கலில் விழுந்த குதிரையில் ஆண் வேடமிட்டு, இங்கிலாந்தின் தடைதாண்டும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனலில் ஓடி முதலாவதாக வருகிறாள். பெண் என்று தெரிந்ததும் தகுதி இழக்கிறாள். 1944இல் எலிசபெத் டெய்லர் நடித்துப் படமாக வந்தபோது உலகமே பார்த்தது. அப்போதும் அந்தப் பந்தயத்தில் பெண்கள் ஓட முடியாது. ஒலிம்பிக்கில் குதிரைத் தாண்டல் பெண்களுக்குத் திறந்தது 1956இல்; அந்த ஆண்டு பிரிட்டன் அணியோடு வெண்கலம் வென்ற பாட் ஸ்மைத் சிறுமிகளுக்கு மட்டக்குதிரைக் கதைகளும் எழுதினார். பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகு, 1977இல்தான் சார்லட் புரூ கிராண்ட் நேஷனலில் ஓடிய முதல் பெண்ணானார். 2021 ஏப்ரலில் அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் அதை வென்றார். கற்பனையில் வெல்வெட் ஜெயித்து 86 ஆண்டுகள் ஆகியிருந்தன.

லாயம் கூட்டிய சிறுமிகளின் வழக்கு ஒருவழியாக வென்றது. அன்னா சூவெல் தொடுத்த வழக்கோ நிலுவையில் இருக்கிறது. சிறுமி பேசத் தொடங்கிய பிறகு குதிரையின் வலி கதையின் ஓரத்துக்குப் போனது. மைக்கேல் மொர்பர்கோ 1982இல் ‘வார் ஹார்ஸ்’ எழுதியபோதுதான், முதல் உலகப் போரின் சேற்றில் நின்று ஒரு குதிரை மறுபடி தன் வாயால் பேசிப் பெரும் வாசகர் கூட்டத்தை அடைந்தது. வெல்வெட் கற்பனையில் வென்ற அதே கிராண்ட் நேஷனலில் விழுந்து செத்த குதிரைகள் பல. அவற்றின் பாதுகாப்புக்காக 2024 முதல் அதில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்திருக்கிறார்கள்.